கன்ட்ரோலர் கடைசியில்: மாதிரி ரயில் அமைப்புக்கு மின்சாரமும் கட்டுப்பாடும் தருவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதிரி ரயில் அமைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது, ரயிலின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைத்தான். எந்த நிறுவனத்துடையது நல்லது, செல்போனில் ஓட்ட முடியுமா, ஹாரன் ஒலி வருமா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். வயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரயில் விக்கி விக்கி ஓடுவதற்கும், தடம் பிரியும் பாயிண்டின் மேல் நின்றுவிடுவதற்கும், ஒருநாள் பிளாஸ்டிக் உருகும் வாடை அடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் பலகைக்கு அடியில்தான் இருக்கும். வயரிங் மோசமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த கன்ட்ரோலராலும் ஒன்றும் செய்ய முடியாது. வயரிங் சரியாக இருந்தால் சாதாரண கன்ட்ரோலரே போதும். ஆகவே இங்கே கன்ட்ரோலர் கடைசியில்தான் வரும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். 8×4 அடி பிளைவுட், அதாவது கடையில் கிடைக்கும் ஒரு முழு ஷீட். எச்.ஓ. அளவு: 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. வெளிச்சுற்று, உள்சுற்று, இரண்டையும் இணைக்கும் பாயிண்டுகள், இரண்டு சைடிங் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடம்), நடுவே குறுக்காக ஓடி ரயிலை எதிர்த்திசைக்குத் திருப்பும் ஓர் இணைப்பு. நான்கு என்ஜின்கள், ஒரே நேரத்தில் இரண்டோ மூன்றோ ஓடும். 1:160 அளவான ‘என்’ ஸ்கேலில் செய்பவர்களுக்கும் முறை இதுதான். வோல்டேஜ் மட்டும் சற்றுக் குறையும்.

டிசி முறையா, டிசிசி முறையா

பழைய டிசி முறையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் தருகிறோம். வோல்ட் கூடினால் வேகம் கூடும்; துருவத்தை மாற்றினால் ரயில் பின்னால் போகும். எளிமையானது, மலிவானது. ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்கள் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, ரயில் போகப் போகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், எச்.ஓ. அளவில் சுமார் 14–15 வோல்ட். துருவம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறும். அந்த மாற்றத்துக்குள்ளேயே கட்டளை ஒளிந்திருக்கிறது: ஒரு பாதித் துடிப்பு 58 மைக்ரோநொடி என்றால் அது 1, ஏறக்குறைய 100 மைக்ரோநொடி அல்லது அதற்கு மேல் என்றால் 0. என்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை இயக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டதால், ஒரு நிறுவனத்தின் டிகோடர் இன்னொரு நிறுவனத்தின் கன்ட்ரோலரிலும் வேலை செய்கிறது.

ஒரே ஒரு என்ஜின் சுற்றிச் சுற்றி ஓடினால் போதும் என்பவர்கள் டிசியோடு நின்றுகொள்ளலாம். இரண்டாவது என்ஜின் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே டிசிசிக்குப் போய்விடுங்கள் என்பேன். டிசிக்காக வைத்த பகுதி சுவிட்சுகளைப் பின்னால் பிடுங்கும் வேலை மிச்சமாகும். ஒரு மின்வெட்டு எச்சரிக்கையும் உண்டு: டிசியில் குமிழ் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்த் திரும்பினால், ரயில் அதே வேகத்தில் பாய்ந்து கிளம்பும். மின்சாரம் போனதும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது பழக்கமாக வேண்டும்.

எத்தனை ஆம்பியர் வேண்டும்

இன்றைய எச்.ஓ. என்ஜின் ஒன்று ஓடும்போது பொதுவாக அரை ஆம்பியருக்குள் எடுக்கும். ஒலி டிகோடர் இருந்தால் இன்னும் கொஞ்சம். எல்இடி விளக்குப் பெட்டிகள் ஒவ்வொன்றும் சில பத்து மில்லிஆம்பியர்; பழைய குண்டு விளக்குப் பெட்டிகள் அதைவிட நன்றாகவே இழுக்கும். நம் அமைப்புக்கு 2 ஆம்பியர் போதும், 3 இருந்தால் தாராளம்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று 8 அல்லது 10 ஆம்பியர் வாங்குவதை நான் தடுப்பேன். ஒரு சக்கரம் தடம் புரண்டு ஷார்ட் ஆகும்போது அந்த ஆம்பியர் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். 15 வோல்ட், 3 ஆம்பியர் என்றாலே 45 வாட். மேசைமீது இருக்கும் சால்டரிங் இரும்பின் அளவு. அது என்ஜினின் பிளாஸ்டிக் அடிச்சட்டத்துக்குள் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

230 வோல்ட் எங்கே நிற்க வேண்டும்

சுவரில். பலகைக்கு அடியில் 230 வோல்ட் வயர் ஒன்றுகூட ஓடக்கூடாது. மூடிய அடாப்டர்களை மட்டும் வாங்குங்கள். அவை எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, ஒரே சுவிட்சில் அணைய வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எல்இடி பட்டைகளுக்காக விற்கும் ஓட்டை போட்ட தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) விலை குறைவுதான். ஆனால் அதன் 230 வோல்ட் திருகுகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. குழந்தைகள் புழங்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த செட் என்றால், செருகுவதற்கு முன் அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ‘100–240’ என்றிருந்தால் பின் மாற்றி போதும். ‘120’ மட்டும் இருந்தால் அதை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு, அதே வோல்ட், அதே வகை மின்சாரம், அதே துருவ அமைப்பு தரும் வேறு அடாப்டர் வாங்குங்கள்.

பாயிண்ட் மோட்டார், வீட்டு விளக்கு, சிக்னல் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள். டிசிசி மின்சாரத்திலிருந்து விளக்குக்கு இழுத்தால், ஷார்ட் ஆகும்போதெல்லாம் ஊரே இருண்டுபோகும்.

மெயின் வயரும் ஃபீடரும்

தண்டவாளத்தின் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயரே தவிர, அதில் வெள்ளி இல்லை. தாமிரம், நிக்கல், துத்தநாகம். தாமிரத்தைவிட அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல். அதைவிட மோசம், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினர்கள். புதிதில் இறுக்கமாக இருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் நாளடைவில் உள்ளே படலம் படிந்து, தொடர்பு அரைகுறையாகிவிடும். ஒரு சுற்று முழுவதற்கும் இரண்டே வயர் கொடுத்தால், எதிர்ப்பக்கம் போகும் மின்சாரம் பல ஜாயினர்களைத் தாண்ட வேண்டும். ரயில் அங்கே போனதும் தளர்வது அதனால்தான்.

ஆகவே பலகைக்கு அடியில் நீளவாட்டில் இரண்டு தடித்த மெயின் வயர்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய ஃபீடர்கள். மின்சாரம் தாமிரத்தில் பயணம் செய்யட்டும். தண்டவாளம் கடைசி ஓரடிக்கு மட்டும் சுமக்கட்டும்.

மெயின் வயருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் “1.5 ஸ்கொயர்” என்று கேட்டால் தரும் பல இழை வீட்டு வயரே போதும். கணக்கும் எளிது: 1.5 சதுர மி.மீ. தாமிர வயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 ஓம். போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்றால் 0.05 ஓம் வரும். 3 ஆம்பியரில் இழப்பு 0.15 வோல்ட்தான். அறை முழுவதும் சுற்றிவரும் பெரிய அமைப்புக்கு 2.5 ஸ்கொயர் எடுங்கள். ஃபீடருக்கு 0.5 சதுர மி.மீ. போதும், ஆனால் ஓரடிக்கு மேல் நீளக்கூடாது.

எத்தனை ஃபீடர்? நம் வெளிச்சுற்று 22 அங்குல ஆரத்தில் ஏறக்குறைய 6 மீட்டர். 3 அடித் துண்டுகள் என்றால் ஏழு ஜோடி வரும். சோம்பல்பட்டு இரண்டு துண்டுக்கு ஒன்று என்று வைப்பதாக இருந்தால், நடுவில் உள்ள ஜாயினரையாவது பற்றவைத்துவிடுங்கள்.

நிறத்தில் கறாராக இருங்கள். வெளிப்பக்கத் தண்டவாளம் சிவப்பு, உள்பக்கம் கறுப்பு. 12 வோல்ட் விளக்கு இணைப்புக்கு மஞ்சளும் நீலமும். பச்சையைத் தொட வேண்டாம். வீட்டு வயரிங்கில் அது எர்த். சுற்று வளைந்து வரும்போது எது வெளி, எது உள் என்று குழப்பம் வரும். அதற்கு ஒரு வழி: ஒரு சரக்குப் பெட்டியின் ஒரு பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டி, தண்டவாளத்தில் கையால் தள்ளிக்கொண்டே போங்கள். டேப் இருக்கும் பக்கம் எப்போதும் சிவப்பு வயர். தள்ளிக்கொண்டே போய்ப் பழைய இடத்துக்கு வரும்போது டேப் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், அங்கே திருப்பு இணைப்பு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள், பின்னால் வருவோம்.

ஈயம் பற்றவைப்பது

60/40 ஈயக் கம்பி, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ரெசின் ஃபிளக்ஸ், 40 முதல் 60 வாட் இரும்பு. ஆசிட் ஃபிளக்ஸ் வேண்டாம், நாளடைவில் அரித்துவிடும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில், சக்கரத்தின் விளிம்பு படாத பக்கத்தில், ஒரு சிறு இடத்தை எமரித் தாளால் பளபளப்பாக்குங்கள். அங்கே ஒரு துளி ஈயம். வயரின் நுனியிலும் ஒரு துளி. இரண்டையும் சேர்த்து இரும்பை இரண்டு நொடி வைத்து எடுத்துவிடுங்கள். குறைந்த வாட் இரும்பை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால்தான் பிளாஸ்டிக் சிலீப்பர் உருகும். இரண்டு பக்கமும் ஈரமான டிஷ்யூ வைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

வேலை செய்யும்போது இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே, 9 வோல்ட் பேட்டரியும் பஸ்ஸரும் தொடராக இணைத்த ஒரு சிறு சோதனைக் கருவியை மாட்டிவையுங்கள். எந்த ஃபீடரைத் தவறான தண்டவாளத்தில் வைத்தாலும் அந்த நொடியே கத்தும். முப்பது ஃபீடரை முடித்துவிட்டு எது தவறு என்று தேடும் கொடுமை இதனால் தவிரும்.

பலகைக்கு அடியில் மெயின் வயரின் உறையை நடுவில் சிறிது சீவி, ஃபீடரைச் சுற்றிப் பற்றவைக்கலாம். தலைக்கு மேல் ஈயம் சொட்டும் வேலை அது, கண்ணாடி அணியுங்கள். வேண்டாமென்றால் நெம்புகோல் கனெக்டர்கள் வந்துவிட்டன, கொஞ்சம் செலவாகும். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, அடுத்த சித்திரைக்குள் தானாக அவிழ்ந்து தொங்கும். சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

பாயிண்டுகள்

பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் ‘வி’ வடிவ முனைக்கு ஃபிராக் என்று பெயர். நேர்ப்பாதையில் ரயில் போகும்போது அது ஒரு துருவம். கிளைப்பாதையில் போகும்போது மறு துருவம். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள். ஃபிராக்கையே பிளாஸ்டிக்கில் செய்வது ஒன்று. பெக்கோ நிறுவனம் இதை இன்சுல்ஃபிராக் என்கிறது. வயரிங் வேலை இல்லை, ஆனால் பெட்டிகளை இடம் மாற்றும் குட்டி ஷண்டிங் என்ஜின் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் மெதுவாக ஊர்ந்தால் நின்றுவிடும். உலோக ஃபிராக்கை வைத்து, பாயிண்ட் திரும்பும்போது அதன் துருவத்தையும் சுவிட்சால் மாற்றுவது மற்றொன்று. எலெக்ட்ரோஃபிராக் அந்த வகை. நீண்ட என்ஜின்கள் மட்டும் ஓடும் சுற்றுப்பாதையில் முதல் வகை போதும். சைடிங்கில் ஷண்டிங் செய்ய ஆசை இருந்தால் இரண்டாவது வகைக்கு உழைப்பதில் பயன் உண்டு.

பாயிண்டைத் திருப்பும் மோட்டார்களில், மின்காந்தச் சுருளால் இழுக்கும் சாலினாய்டு வகைக்கு ஒரு கணம் மட்டுமே மின்சாரம் தர வேண்டும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் சுருள் கருகிவிடும். அழுத்தினால் மட்டும் இணைக்கும் பட்டனும், நடுவில், மின்சாரத்தைச் சேமித்து ஒரே துடிப்பாக விடும் ஒரு கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்டும் வைத்தால் அந்தப் பயம் இல்லை. டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டார்கள் 12 வோல்ட்டில், நின்ற நிலையிலும் 15 மில்லிஆம்பியர் அளவே எடுக்கும். ஃபிராக்குக்கான சுவிட்சும் உள்ளேயே இருக்கும். கையில் பணம் குறைவு, நேரம் அதிகம் என்பவர்களுக்கு எஸ்ஜி90 சர்வோ மோட்டார் இருக்கிறது. அதோடு ஃபிராக்குக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச் தனியாக வைக்க வேண்டும்.

திருப்பு இணைப்பு

பென்சிலால் குறித்த இடத்துக்கு வருவோம். குறுக்கு இணைப்பின் வழியே ரயில் திரும்பி வந்து சேரும்போது சிவப்புத் தண்டவாளம் கறுப்பைச் சந்திக்கிறது. அப்படியே விட்டால் நேரடி ஷார்ட். எனவே அந்த இணைப்பின் இரண்டு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களிலும், ஆக நான்கு இடங்களில் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுத் தனிப் பகுதியாக்குங்கள். ரம்பத்தால் வெறும் இடைவெளி அறுத்துவிட்டால் போதாது. கோடையில் தண்டவாளம் நீண்டு அது மூடிக்கொள்ளும். ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வைத்து ஒட்டிவிடுங்கள்.

டிசிசியில் இந்தப் பகுதிக்கு மெயின் வயரிலிருந்து நேராக மின்சாரம் தராமல், ஆட்டோ ரிவர்சர் என்ற சிறு பலகை வழியாகத் தருகிறோம். சக்கரம் இடைவெளியைத் தாண்டும் கணத்தில் ஷார்ட்டை உணர்ந்து, கன்ட்ரோலர் விழித்துக்கொள்வதற்கு முன் பகுதியின் துருவத்தை அது புரட்டிவிடும். என்ஜினுக்குத் தெரியாது; ஓட்டம் தடைபடாது. டிசியில் இதே வேலையை ஆறு முனை சுவிட்ச் ஒன்றால் கையால் செய்ய வேண்டும்.

அந்தப் பகுதி, ஓடும் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். உலோகச் சக்கரங்கள் இரு முனைகளின் இடைவெளிகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் ரிவர்சர் திணறும். இந்திய ரயில்களின் ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி ஒன்று எச்.ஓ. அளவில் ஏறக்குறைய 25 செ.மீ. வரும். நம் குறுக்கு இணைப்பு 1.2 மீட்டர் என்றால், ஓர் என்ஜினும் மூன்று பெட்டிகளும்தான் அதில் அடங்கும். பன்னிரண்டு பெட்டி எக்ஸ்பிரஸ் கனவு இந்தப் பலகையில் நடக்காது.

இப்போது கன்ட்ரோலர்

இரண்டு பாதைகள். முதலாவது, ஆயத்தமாக விற்கும் டிசிசி செட். ரோக்கோவின் இசட்21, என்சிஇ-யின் பவர் கேப் போன்றவை பெயர் பெற்றவை. பெட்டியைத் திறந்து, இரண்டு வயரை மெயின் வயரில் இணைத்தால் வேலை முடிந்தது. நம் ஊருக்கு வந்து சேரும்போது சுங்கவரியும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள். ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு கணினிப் பலகை, அதன்மேல் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் ஒரு மோட்டார் ஷீல்டு, வைஃபைக்கு ஒரு சிறு பலகை; பொருள்கள் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். ஓட்டுவதற்கு ஆண்ட்ராய்டு செல்போனில் என்ஜின் டிரைவர் செயலி. சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு நான் சொல்வது இதைத்தான். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஆர்3 மோட்டார் ஷீல்டு வாங்கினால், அதன் அடியில் ‘வின் கனெக்ட்’ என்று குறித்த இணைப்பை அறுத்துவிட வேண்டும்; இல்லையெனில் தண்டவாளத்தின் 15 வோல்ட் ஆர்டுயினோவுக்குள் ஏறும். அடுத்து, அந்த ஷீல்டின் எல்298 சிப்பு ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கி, வெப்பமாக விடும். 16 வோல்ட் பழைய லேப்டாப் அடாப்டர் கொடுத்தால் தண்டவாளத்தில் 14 கிடைக்கும், எச்.ஓ.வுக்கு அளவானது. சுமை ஒன்றரை ஆம்பியருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் தேவையென்றால் 5 ஆம்பியர் தாங்கும் புதிய ஷீல்டுகள் வந்திருக்கின்றன.

எதுவானாலும், டிசி கன்ட்ரோலரும் டிசிசியும் ஒரே தண்டவாளத்தில் ஒரு கணம்கூடச் சேரக்கூடாது. பழையதைக் கழற்றிவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும்.

முதல் முறை மின்சாரம் தரும்போது, கார் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை மெயின் வயரில் தொடராக இணையுங்கள். ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். தண்டவாளத்தில் எதுவும் இல்லாதபோதே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். கன்ட்ரோலருக்குச் சேதம் இல்லை. எரியாவிட்டால் பல்பை எடுத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

நாணயச் சோதனை

இந்த ஒரு சோதனையைத் தவிர்த்தவர்களின் என்ஜின்கள்தான் உருகுகின்றன. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். கன்ட்ரோலர் உடனே அணைய வேண்டும். எடுத்ததும் மீண்டும் இயக்கி, அடுத்த ஓரடியில் வையுங்கள். இப்படிச் சுற்று முழுவதும், ஒவ்வொரு சைடிங்கின் கடைசி வரை.

ஏன் ஓரடிக்கு ஒருமுறை? 15 வோல்ட்டை 3 ஆம்பியரால் வகுத்தால் 5 ஓம். கன்ட்ரோலருக்கும் நாணயத்துக்கும் இடையே மோசமான ஜாயினர்களும் அரைகுறைப் பற்றவைப்புகளும் சேர்ந்து 5 ஓம் தடை ஆகிவிட்டால், ஷார்ட்டிலும் 3 ஆம்பியருக்கு மேல் ஓடாது. கன்ட்ரோலர் அதை “இரண்டு மூன்று ரயில்கள் ஓடுகின்றன” என்றே எடுத்துக்கொண்டு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த 45 வாட்டும் எங்கோ வெப்பமாகிக்கொண்டிருக்கும். நாணயம் வைத்தும் அணையாத இடத்தில் உடனே அதை எடுத்துவிட்டு, அங்கே ஒரு ஃபீடர் கூடுதலாகக் கொடுங்கள்.

டிகோடருக்கு எண் கொடுப்பது

‘டிசிசி ரெடி’ என்று பெட்டியில் போட்டிருந்தால் உள்ளே டிகோடர் இல்லை, அதற்கான சாக்கெட் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். 8 பின்னா, 21 பின்னா என்று பார்த்து வாங்குங்கள். டிகோடர் இல்லாத என்ஜினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்தினால் மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகும்.

எல்லா டிகோடரும் எண் 3 உடன் வரும். மாற்றுவதற்கு, மற்றதோடு ஒட்டாத ஒரு தனித் தண்டவாளத் துண்டை புரோகிராமிங் பாதையாக வையுங்கள். மாற்றும் மதிப்புகளுக்கு சிவி என்று பெயர். அவை நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தொடக்கத்துக்குச் சிலவே தேவை. சிவி 1 குறு எண், 1 முதல் 127 வரை. நெடு எண் சிவி 17, 18 இரண்டிலும் சேர்ந்து உட்காரும். சிவி 29-இல் 32 கூட்டினால் அது செயலுக்கு வரும். வழக்கமான 6, 38 ஆகும். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இதைத் தாமே செய்துவிடும். இந்திய என்ஜின்களின் எண் ஐந்து இலக்கம், கன்ட்ரோலர்களோ பொதுவாக 9999 வரைதான் ஏற்கும். ஆகவே 30201 என்ற டபிள்யூஏபி-7 மின்சார என்ஜினுக்குக் கடைசி நான்கு இலக்கமான 0201-ஐ எடுத்து 201 என்று கொடுங்கள்.

பிறகு சிவி 3, சிவி 4: வேகம் எடுக்கும் நிதானமும் நிற்கும் நிதானமும். சிவி 5 உச்ச வேகம். அதைக் குறைத்துவைப்பது நல்லது, பெரும்பாலான மாதிரி என்ஜின்கள் அசலை மிஞ்சும் வேகத்தில் பறக்கும். முன்னால் போகச் சொன்னால் பின்னால் போகிறதா? சிவி 29-இல் 1 கூட்டுங்கள். எல்லாம் குழம்பிப்போனால், பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 எழுதினால் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

ரயில் நின்றால் எங்கே தேடுவது

எல்லா என்ஜின்களும் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே ஃபீடர் விட்டிருக்கும், அல்லது ஜாயினர் தளர்ந்திருக்கும். மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்து, என்ஜின் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கேயும் கன்ட்ரோலர் பக்கத்திலும் அளந்து பாருங்கள். டிசிசி அலையைச் சாதாரண மீட்டர் சரியாகப் படிக்காது. ஆனால் இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே என்ஜின் எல்லா இடத்திலும் தடுமாறினால் அதன் சக்கரத்தில் அழுக்கு. ஒரு பாயிண்டைத் திருப்பும்போது மட்டும் எல்லாம் அணைந்தால் ஃபிராக் சுவிட்ச் தலைகீழாக இணைந்திருக்கிறது.

தண்டவாளத்தைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பருத்தித் துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்று பளபளக்கும். விழுந்த கீறல்களில் அழுக்கு முன்னைவிட வேகமாக ஏறும். மழைக்காலத்தில் ஓட்டாமலே சில வாரங்கள் விட்டிருந்தால், முதலில் துடைத்துவிட்டுப் பிறகு குறை சொல்லுங்கள். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால்தான் என்ஜினின் திருகைக் கழற்ற வேண்டும்.